கரையைக் காக்கும் மருது: அடையாளமும் நோய்களும்



ஊரைவிட்டுப் புதிய காணிக்கு வந்தவர்கள் முதலில் கையில் எடுப்பது கத்தியைத்தான். பற்றையை வெட்டித் துப்புரவு செய்தால்தானே பயிர் வைக்கலாம்? மாத்தளை மாவட்டத்தில் 2018இல் நிறைவுபெற்ற மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காகப் பல குடும்பங்கள் இடம்பெயர்ந்து புதிய காணிகளில் குடியேறின. உங்கள் காணியின் ஓரத்தில் ஆறோ ஓடையோ இருந்தால், அங்கே நிற்கும் பெரிய மரத்தை அடையாளம் காணாமல் வெட்டிவிடாதீர்கள். அது மருதாக இருக்கக்கூடும். சிங்கள அயலவர்கள் அதைக் கும்புக் என்பார்கள்.

குளிர்நாடுகளில் ஆற்றங்கரை மண்ணைக் காக்க வில்லோ மரத்தை நடுவார்கள். அம்பன் கங்கைக் கரையில் அந்த வேலையைச் செய்வது நம் மருதுதான். அதன் வேர்கள் மண்ணை வலைபோலப் பிடித்துக்கொள்கின்றன. மரம் போனால் பின்னால் கரையும், கரையோடு உங்கள் வயலும் போகும்.

எப்படி அடையாளம் காண்பது?

மருது 80 அடி வரை வளரும். பட்டை வழுவழுப்பாகவும் வெளிறிய சாம்பல் நிறமாகவும் இருக்கும். இலை நீண்டு, ஒரு சாண் வரை இருக்கும். காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சிறு முடிச்சுகள் தெரியும். காய்தான் உறுதியான அடையாளம்: மரம்போல் கடினமான காயில் ஐந்து சிறகுகள் நீளவாக்கில் இருக்கும். இதே இனத்தைச் சேர்ந்த தான்றிக்கும் கடுக்காய்க்கும் இந்தச் சிறகுகள் இல்லை.

நோய் போலத் தோன்றுபவை

பட்டை தகடு தகடாக உரிந்து விழுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது மருதின் இயல்பு. வறட்சியில் இலை கொட்டுவதும் அப்படியே. மரம் பட்டுவிட்டதோ என்று சந்தேகமாக இருந்தால், சிறு கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது.

உண்மையான பூச்சிகளும் நோய்களும்

இந்தியாவில் டசார் பட்டுப்புழுவுக்கு மருதிலையும் உணவு. ராஞ்சியில் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் 1964 முதல் இயங்குகிறது. இலையைப் பயிராகவே வளர்ப்பதால் அங்கே இம்மரத்தின் நோய்களை நன்கு கவனித்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றை நாமும் தேடிப் பார்க்கலாம்.

1. இலைக் கொப்புளம்: சாறு உறிஞ்சும் சிறு பூச்சியால் இலையில் பருக்கள் போல வீக்கம் உண்டாகும். பெரிய மரம் தாங்கும். இளங்கன்றில் கண்டால் அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள்.

2. சாம்பல் நோயும் இலைப்புள்ளியும்: பூஞ்சணத்தால் வருபவை. இலையில் வெண்மையான மா பூசியது போலவோ, பழுப்புப் புள்ளிகளாகவோ தெரியும். விழுந்த இலைகளைக் கூட்டி அகற்றுங்கள். கன்றுகளை நெருக்கி நடாதீர்கள்.

3. தண்டுதுளைப்பான்: வண்டின் புழு மரத்தைக் குடைந்து செல்லும். துளையும் மரத்தூளும் இதற்கு அடையாளம். பாதித்த கிளையை வெட்டி எரியுங்கள்.

4. குருவிச்சை: பறவைகள் கொண்டுவரும் ஒட்டுண்ணி. பூத்துக் காய்க்குமுன் கிளையோடு வெட்டி நீக்குங்கள்.

மனிதரால் வரும் கேடு

இவற்றையெல்லாம் தாங்கும் மருது, நம் கத்தியைத் தாங்காது. பட்டை மருந்துக்கு உதவும். அதை எரித்த சாம்பலை வெற்றிலைச் சுண்ணாம்பாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் தண்டைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்தால், இலை செய்யும் உணவு வேருக்குப் போகாது. வேர் பட்டினி கிடந்து சாகும். பட்டை தேவையானால் வெட்டிய கிளையிலிருந்து எடுங்கள். ஆற்றோர ஒதுக்கு நிலத்தில் நிற்கும் மரமானால் கிராம உத்தியோகத்தரிடம் கேளாமல் தொடவே வேண்டாம்.

வெறுமையான கரைக்கு

முற்றிய காய்களைப் பொறுக்கி இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து நாற்றுமேடையில் போடுங்கள். வளர்ந்த கன்றுகளைப் பெரும்போக மழை தொடங்கியதும் கரையில் நடுங்கள். முதல் ஆண்டுகளில் களை பிடுங்கி, மாடு கடிக்காமல் வேலி அடையுங்கள்.

இந்த வாரம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உங்கள் கரைக்குப் போய், எத்தனை மருது நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நமக்கு முன் அங்கு வாழ்ந்தவர்கள் வெட்டாமல் விட்ட மரங்கள் அவை. நமக்குப் பின் வருபவர்களுக்கும் கரை வேண்டும்.