ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

லினக்ஸில் கோப்பின் பெயர் எழுத்துகளால் ஆனதல்ல, பைட்டுகளால் ஆனது. சாய்கோட்டையும் சுழிய பைட்டையும் தவிர எதுவும் அதில் வரலாம். அது எந்த மொழி, எந்தக் குறிமுறை என்று கெர்னல் கேட்பதில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையிலோ பெயர் 16 பிட் அலகுகளாக யூனிகோடில் பதிகிறது. இரண்டுக்கும் இடையே கோப்பைக் கொண்டுபோகும் நிரலின் கையில்தான் பெயரின் கதி இருக்கிறது.

ஆஸ்கியின் 128 குறிகளில் தமிழுக்கு இடமில்லை. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 அந்தக் குறிகளை அப்படியே ஒரு பைட்டில் வைத்துக்கொண்டு, தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் தருகிறது. லினக்ஸில் ஒரு பெயருக்குப் பொதுவாக 255 பைட்தான். அதாவது 85 தமிழ்க் குறிகள். புள்ளியும் கொம்பும் தனிக் குறிகளாதலால் எழுத்துக் கணக்கில் இன்னும் குறையும். நீளமான பெயரை பைட் எண்ணி வெட்டும் நிரல் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. 'கோவை' என்ற பெயரில் 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் முதலாவது 12 பைட், இரண்டாவது 15. லினக்ஸ் கோப்புறையில் இரண்டும் அருகருகே இரு கோப்புகளாக இருக்கும். தேடுபவருக்கு அகப்படுவது ஒன்றுதான். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பெயரைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸுக்குப் போன கோப்புகளால் குழப்பம் பெருகவே, கிட் மென்பொருள் 2012இல் மேக் கணினிகளுக்கென்று பெயரைச் சேர்த்து எழுதும் அமைப்பைக் கொண்டுவந்தது.

விண்டோஸில் தடுமாற்றம் வேறு வகை. பழைய சி நிரல்கள் பெயரை அந்தந்த வட்டாரக் குறிப்பக்கத்துக்கு மாற்றிக் கையாளும். தமிழ் வட்டாரத்துக்கு இயல்பாக அமையும் அப்படியொரு பக்கம் அங்கு இல்லை, அதனால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகின்றன. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் பெயரில் கேள்விக்குறிக்கே அனுமதியில்லை. ஆகவே கண்ணெதிரே இருக்கும் கோப்பை நிரலால் திறக்க முடியாது.

ஜிப் கோப்புகளில் குறிமுறையைச் சொல்ல ஒரு பிட் உண்டு. அதை வைக்க மறந்தால், பிரிக்கும் நிரல் பெயரைப் பழைய ஐபிஎம் குறிப்பக்கம் 437 என்று எண்ணிக் கோடும் கட்டமுமாகக் காட்டக்கூடும்.

நிரல் எழுதுவோர் கடைப்பிடிக்க வேண்டிய வழக்கம்: வட்டிலிருந்து வந்த பெயரைத் திருத்தாமல் அப்படியே திருப்பித் தருவது, ஒப்பிடும்போது மட்டும் இரு பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது. யூடிஎஃப்-8 ஆகப் படிக்க முடியாத பைட்டுகளையும் பைத்தான் 3 மாற்றுக் குறிகளாக ஏந்திச் சென்று, எழுதும்போது பழையபடி வைத்துவிடுகிறது.