மார்பக உள்வைப்பு: காலம் பார்ப்பது எவ்வாறு?

தாசேக் கெலுகோருக்குப் பெர்த்தாம் தொலைவன்று. அங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திற்குப் புற்றுநோய் மருத்துவத்தின் பொருட்டுச் சென்றுவருவோருள் நம் தமிழ்ப் பெண்களும் உளர். மார்பகம் ஒன்றை இழந்தவளுக்கு, உயிர் பிழைத்தோம் என்ற ஆறுதலுக்குப் பின் ஒரு வினா எழுகின்றது: ‘செயற்கை மார்பகம் இப்பொழுதே வைத்துக்கொள்வதா? கருவிகள் ஆண்டுக்காண்டு திருந்தி வருகின்றன என்கிறார்களே, சில காலம் பொறுத்தால் இதனினும் நல்லது கிடைக்காதா?’ நோயில்லாமலே, பிறவியில் மார்பு சிறுத்ததற்காகவோ ஒன்றுக்கொன்று ஒவ்வாததற்காகவோ அறுவையை நாடும் இளம்பெண்ணும் இதையே கேட்கின்றாள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய பொருளன்று இது. நம் பழம்புலவர்கள் முலை என்று கூசாமல் பாடினர். நாம்தாம் மார்பகம் என்று சுற்றிச் சொல்லப் பழகினோம்.

இக்கருவியைப் ‘பதியம்’ என்னலாமோ என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால், தோட்டக்காரர் மண்ணில் பதிக்கும் கிளை வேர்விடும், இது வேர்விடாது. உடல் இதனை அயற்பொருளாகவே கொண்டு, சுற்றிலும் நார்த்திசுவால் ஓர் உறை கட்டிவிடுகின்றது. அவ்வுறை சிலருக்குச் சுருங்கி இறுகி, மார்பைக் கல்லாக்கி வலியும் தரும். ஆதலின் ‘உள்வைப்பு’ என்றே ஆள்வோம். இதன் மேற்பை சிலிக்கோனால் ஆயது. உள்ளே சிலிக்கோன் கூழோ உப்புநீரோ இருக்கும். மணலில் உள்ள தனிமம் சிலிக்கன். அதனோடு உயிர்வளி, கரி முதலியன சேர்த்து மனிதன் ஆக்கியது சிலிக்கோன். இரண்டையும் ஒன்றாக எழுதுவது பிழை.

1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குரோனின், கெரோ என்னும் மருத்துவர் இருவர் முதல் சிலிக்கோன் கூழ்ப்பையை ஒரு பெண்ணுக்கு வைத்தனர். அப்பை தடித்தது. 1970-களில், ‘கைக்கு மென்மையாக இருக்கட்டும்’ என்று பையை மெலிதாக்கிக் கூழையும் இளக்கினர். மென்மை வந்தது; கூடவே கசிவும் கிழிவும் மிகுந்தன. 1980-களில் கசிவைத் தடுக்கும் பைகள் வந்தன. உறை இறுகுவதைக் குறைக்க மேற்புறத்தைச் சொரசொரப்பாக்கும் முறையும் பரவிற்று. துளி வடிவப் பைகள் உள்ளே புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்ளவும் அச்சொரசொரப்பு உதவிற்று. அந்நாளில் அதுவே முன்னேற்றம் எனப்பட்டது.

அதன் விலை பின்னரே தெரிந்தது. உள்வைப்பைச் சூழ்ந்த உறையில் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றக்கூடும் என்று 2011-இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் எச்சரித்தது. 2019 ஜூலையில் அவ்வாணையம் உலகெங்குமிருந்து திரட்டிய கணக்கு 573 நோயாளிகள், 33 இறப்புகள். அவற்றுள் 481 பேருக்கு அல்லெர்கான் நிறுவனத்தின் உள்வைப்பு இருந்தது. அந்நிறுவனத்தின் சொரசொரப்பான வகை அம்மாதமே உலகச் சந்தையினின்று திரும்பப் பெறப்பட்டது. இந்நோய் அரியது, தொடக்கத்திலேயே கண்டு உள்வைப்பையும் உறையையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் தீர்கின்றது. ஆனால் இங்கே கருத வேண்டியது காலம்: உள்வைத்து எட்டுப் பத்து ஆண்டு கழித்தே இது பெரும்பாலும் வெளிப்படுகின்றது.

ஆகவே ‘புதியது வரட்டும்’ என்று காத்திருப்பவள், வரலாறு மிகக் குறைந்த பொருளையே கையில் வாங்குகின்றாள். புதுமை வேறு, தேர்வு வேறு. பத்தாண்டு பெண்களின் உடலில் இருந்து, பின்தொடர்ந்து கணக்கெடுக்கப்பட்டதே தேர்ந்தது. பழையதெல்லாம் நன்று என்பதும் இதன் பொருளன்று. பிரான்சில் பி.ஐ.பி. என்னும் நிறுவனம் மருத்துவத்திற்குரியதல்லாத, தொழிற்சாலைச் சிலிக்கோனைப் பைகளில் அடைத்துப் பல ஆண்டுகள் விற்றது 2010-இல் வெளியாயிற்று. அங்கே குற்றம் தொழில்நுட்பத்தினுடையதன்று, வஞ்சனையுடையது. மலேசியாவில் 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டப்படி இத்தகைய கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுண்டா என்று கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது.

கருவியின் காலம் இவ்வாறிருக்க, உடலின் காலம் வேறு. இளம்பெண்ணுக்கு வளர்ச்சி முடிந்திருக்க வேண்டும். மார்பைப் பெரிதாக்குவதற்கு, உப்புநீர்ப் பையை 18 வயதுக்கும் கூழ்ப்பையை 22 வயதுக்கும் கீழே அமெரிக்க ஆணையம் ஏற்பதில்லை. பேறும் பாலூட்டலும் மார்பின் வடிவை மாற்றுமாதலால், விரைவில் பிள்ளை பெற எண்ணுபவள் பொறுப்பது நன்று. அறுவை பாற்சுரப்பைக் குறைக்கவும் கூடும். மார்பை இழந்தவளுக்கோ கணக்கே வேறு. அறுவையின்போதே மறுசீரமைத்தால் ஒரே மயக்கத்தில் பணி தொடங்கிவிடும். மார்பற்ற கண்ணாடியைப் பார்க்கும் துயரும் குறையும். ஆனால் பின்னர்க் கதிர்வீச்சு மருத்துவம் வேண்டியிருப்பின், கதிர்பட்ட இடத்தில் உறை இறுகுவது மிகுதி. அப்போது பொறுத்திருந்து செய்வதையோ, வயிற்றின் கொழுப்பும் தோலும் எடுத்துத் தன் தசையாலேயே மார்பை அமைப்பதையோ மருத்துவர் எண்ணுவர். பின்னது நீண்ட அறுவை. வயிற்றில் வடுவும் விடும். எனினும் பையை மாற்றும் தொல்லை அதில் இல்லை.

அத்தொல்லையைத்தான் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உள்வைப்பு ஆயுட்காலப் பொருளன்று. மார்பைப் பெரிதாக்கிக் கொண்டோரில் ஐந்தில் ஒருவர் வரை எட்டுப் பத்து ஆண்டுகளுக்குள் அதனை எடுத்துவிட நேர்கின்றது. கூழ்ப்பை உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாமலும் போகலாம். ஆதலின் ஐந்தாறு ஆண்டில் ஒரு முறையும் பின்னர் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறையும் காந்த அலைப் படமோ ஒலியலைப் படமோ எடுக்கச் சொல்கின்றனர். முப்பது வயதில் வைத்துக்கொள்பவள் தன் வாழ்நாளில் ஓர் அறுவைக்கன்று, இரண்டு மூன்று அறுவைகளுக்கு ஒப்புகின்றாள் என்பதே உண்மை.

2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கும் மார்பகச் சீரமைப்பு அறுவை இலவசமாகக் கிடைக்கத் தமிழக அரசு வழி செய்தது. அழகு பணக்காரருக்கு மட்டுமா என்றனர் ஒரு சாரார். உயிர் காக்கும் பணத்தை அழகுக்குச் செலவிடுவதா என்றனர் மறு சாரார். முதற்சாரார் பக்கமே என் மனம் சாய்கின்றது. மார்பின் குறையால் கூனிக் குறுகி நடப்பவளின் துயரம் பணக்காரிக்கும் ஏழைக்கும் ஒன்றுதான். ஆனால் அவ்விரு சாராரினும் உரக்கக் கேட்டிருக்க வேண்டிய வினா ஒன்றுண்டு: பத்தாண்டு கழித்து அப்பையை எடுக்க வேண்டி வந்தால் செலவு யாருடையது? தாசேக் கெலுகோர்ப் பெண்ணும் நாள் குறிக்குமுன் தன் மருத்துவரிடம் கேட்க வேண்டியது அதுவே.

இன்னொன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். உள்வைப்பின் நிறுவனம், வகை, வரிசை எண் குறித்த அட்டை அது. 2019-இல் திரும்பப் பெறும் செய்தி வந்தபோது, தன் உடலில் இருப்பது எவ்வகை என்று அவ்வட்டை உடையவள் ஒரு நிமையத்தில் அறிய முடிந்தது. அஃதில்லாதவள் பழைய மருத்துவமனைப் பதிவேட்டைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.