இருக்கைக்கு அடியில் ஓர் அடுப்பு

'உங்கள் காரின் இருக்கைக்குச் சூடேற்றும் கருவி பொருத்தித் தரட்டுமா?' என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். சித்திரை மாதத்து ஜும்ஆ தொழுகை முடிந்து, வெயிலில் நின்ற காரில் ஏறி அமர்ந்தவருக்கு இருக்கையின் சூடு போதாதா என்ன!

ஆனாலும் வாசகர்களே, இந்தக் கருவி நம் வீடுகளுக்கு அந்நியமானதன்று. கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் என்று நம் கடற்கரை ஊர்கள் நெடுகிலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். அவர்களுள் இங்கிலாந்து, கனடா போன்ற குளிர் நாடுகளில் வாழ்வோர் பழைய கார் வாங்குவார்கள். அங்கே பட்டறைக் கூலி அதிகம். எனவே சூடேற்றும் பட்டைகளைக் கடையில் வாங்கி விடுமுறை நாளில் தாமே பொருத்திக்கொள்கிறார்கள். விடுப்பில் வரும்போது, 'அத்தாவுக்கு இடுப்பு வலி. மதுரைக்கும் திருச்சிக்கும் போய் வர உதவும்' என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இறக்குவதும் உண்டு. 2023-இல் இந்தியாவில் வெளிவந்த ஹூண்டாய் வெர்னா காரில்கூட, முன் இருக்கைகளைக் குளிர்விக்கும் வசதியோடு சூடேற்றும் வசதியும் சேர்ந்தே வந்தது.

அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனம் 1966-இல் இதைப் பணக்காரர்களின் ஆடம்பரமாகத்தான் அறிமுகப்படுத்தியது. 1970-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் சாப் நிறுவனம், கேட்டு வாங்க வேண்டிய தேவையின்றி ஓட்டுநர் இருக்கையில் வழக்கமாகவே இதை வைத்துக் கொடுத்தது. அந்த நாட்டுக் குளிர் அப்படி!

பொருள் மிக எளியது. மெல்லிய துணிப்பட்டைக்குள் கரிநாரோ மின்தடைக் கம்பியோ ஓடுகிறது. அமரும் பகுதிக்கு ஒன்று, முதுகுப் பகுதிக்கு ஒன்று. 12 வோல்ட் மின்சாரம் பாயும்போது அது சூடாகிறது. ஓர் இருக்கைக்கு ஏறத்தாழ 5 ஆம்பியர், அதாவது 60 வாட், தேவைப்படும். இரண்டு இருக்கை என்றால் 10 ஆம்பியர். இதைச் சிறியது என்று எண்ணிவிடாதீர்கள். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி, இஞ்சின் நின்ற நிலையில் இந்தச் சுமையை மூன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. அதற்கு வெகு முன்பே வண்டியைக் கிளப்பும் வலுவை இழந்துவிடும். எனவே சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரும் இணைப்பில்தான், ரிலே வைத்து, இதைச் சேர்க்க வேண்டும்.

ஃபியூஸ் விஷயத்தில்தான் நம்மவர்கள் பெரிதும் அலட்சியம் காட்டுகிறார்கள். ஃபியூஸ் கருவியைக் காப்பதற்காக மட்டும் வைக்கப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை கம்பியைக் காப்பது. 10 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்துபோனால் கோளாறு எங்கே என்று தேட வேண்டும். அதை விட்டுவிட்டு 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகினால், அடுத்த முறை எரிவது ஃபியூஸ் ஆகாது. தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் கம்பியே எரியும். பின் இருக்கையில் யார் அமர்ந்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்! ஃபியூஸ், மின்சாரம் எடுக்கும் இடத்திற்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஹெட்லைட் கம்பியையோ பாட்டுப்பெட்டிக் கம்பியையோ சுரண்டி முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டவே வேண்டாம்.

இருக்கையைக் கழற்றுவது நான்கு போல்ட் வேலைதான். ஆனால் அந்த நான்கு போல்ட்டைத் தொடுமுன் நின்று யோசியுங்கள். 2019 ஜூலை முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். முன்னிருக்கையில் இருவருக்கும் பெல்ட் எச்சரிக்கையும் கட்டாயம். எனவே ஓட்டுநருக்கு அடுத்த இருக்கையின் மெத்தைக்குள் ஆள் இருப்பதை அறியும் உணர்கருவி இருக்கக்கூடும். பல கார்களில் இருக்கையின் ஓரத்திலேயே பக்கவாட்டு ஏர்பேக்கும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை விரியச் செய்வது ஒரு சிறு வெடிமருந்து. இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற உறையிட்ட கம்பி தென்பட்டால் அது ஏர்பேக்குக்கு உரியது. அத்தகைய காராயின் இருக்கையைக் கழற்றுவதைப் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிடுவது என் திடமான கருத்து.

மஞ்சள் கம்பி இல்லாத பழைய கார்தான் என்று உறுதியானாலும், பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றிவிட்டே தொடங்குங்கள். இருக்கை வெளியே இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள்.

இங்கே ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். புதுக் கார் வாங்கிய மறுநாளே சீட் கவர் தைக்கக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கையில் அந்த ஓரத்தை இறுக மூடித் தைத்துவிட்டால், விபத்தின்போது பை விரிய வழி கிடைக்காது. சூடேற்றும் பட்டை வாங்காதவரும் சீட் கவர் வாங்குகிறாரே! ஓரம் திறக்கும்படி தைத்த உறையா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

இனிப் பட்டையைப் பொருத்தும் முறை. இருக்கையின் உறையைச் சிறு இரும்பு வளையங்கள் பிடித்திருக்கும். குறட்டால் அவற்றை வெட்டி, உறையை மெதுவாக உரித்து, மெத்தையின் மேல் பட்டையை ஒட்டுங்கள். சுருக்கமோ மடிப்போ கூடாது. மடிந்த இடத்தில் சூடு குவியும். கம்பி வகைப் பட்டையைக் கத்தரிக்கவே கூடாது. கரிநார் வகையையும் தயாரிப்பாளர் குறித்த இடத்தில் மட்டுமே வெட்டலாம். உணர்கருவியின் மேல் பட்டை படியக் கூடாது. உறையை மூடுமுன் பட்டையை மின்சாரத்தோடு இணைத்துக் கையால் தொட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் எங்கும் ஒரே சீராக வெதுவெதுப்பு வர வேண்டும். மூடிய பின் குறை தெரிந்தால் எல்லா வளையத்தையும் மறுபடி வெட்ட வேண்டியதுதான். பிற்பாடு அந்த இருக்கையில் முழங்கால் ஊன்றி ஏறுவதும் பிள்ளைகள் குதிப்பதும் உள்ளே கம்பியை முறித்துவிடும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், யார் அமரப் போகிறார் என்பது மிச்சம் இருக்கிறது. சர்க்கரை நோய் நெடுநாள் இருந்தவர்களுக்கு நரம்பு மரத்து, சூடு உறைக்காமல் போகலாம். உணர்வு குன்றியவர்கள் சூடேற்றிய கார் இருக்கையால் தீப்புண் அடைந்ததை வெளிநாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புண் வராவிட்டாலும், மிதமான சூடு நாள்தோறும் ஒரே இடத்தில் படுவதால் தோலில் வலை போன்ற கருமை படர்வதுண்டு. விறகடுப்பின் முன் காலமெல்லாம் அமர்ந்த நம் பாட்டிமார்களின் கணுக்காலில் அதைக் கண்டிருப்பீர்கள். காஷ்மீரத்தில் உடைக்குள் காங்கிரி என்னும் கனல் சட்டியை வைத்துக்கொள்பவர்களுக்கு, சூடு பட்ட இடத்திலேயே புற்றுநோய் வருவதை மருத்துவ நூல்கள் தனிப்பெயரிட்டே குறிக்கின்றன.

அத்தாவின் இடுப்பு வலிக்காக வாங்கியது என்றால், அவருக்குச் சர்க்கரை உண்டா என்பதை முதலில் கேளுங்கள். உண்டு என்றால், மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். மற்றவர்களும் வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள பட்டையையே வாங்குங்கள். குறைந்த சூட்டில் பத்து, பதினைந்து நிமிடம் வைத்து அணைத்துவிடுங்கள். பொருத்திய முதல் வாரத்தில் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ரிலேயையும் கம்பி இணைப்புகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இணைப்பு சுட்டால், அன்றே ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.