பொய் மீனின் நீச்சல்

பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் கழிமுகத்தில், மாலை வேளையில் தூண்டிலும் கையுமாக நிற்போரைக் காணலாம். தூண்டில் முள்ளில் இறாலோ சாளையோ இருக்கவேண்டும் என்பதில்லை. விரல் நீளமுள்ள, வழவழப்பான பிளாஸ்டிக் மீனும் போதும். இதைக் கொடுவா மீன் நம்புமா? நம்பும், கோணாமல் கோத்திருந்தால்!

இத்தகைய பொய் இரை புதிதன்று. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949-ஆம் ஆண்டிலேயே மண்புழு வடிவில் ஒன்றை வார்த்தெடுத்தார். பாலிவினைல் குளோரைடுடன் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைச் சேர்த்துச் சூடாக்கி வார்ப்பதால், அது விறைத்து நிற்காமல் ரப்பரைப்போல் நெளிகிறது.

இப்பொருளின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. தனியே விட்டால் மூழ்கவும் தயங்கும், மிதக்கவும் தயங்கும். எனவே ஈயக் குண்டு வார்த்த முள்ளை அதன் தலையில் செருகுகிறார்கள். குண்டு 10 கிராம் எனக் கொள்வோம். ஈயத்தின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 11.3 கிராம், ஆகவே அதன் கனஅளவு சுமார் 0.9 கனசென்டிமீட்டர். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, நீருக்குள் அது இழக்கும் எடையும் ஏறத்தாழ 0.9 கிராம்தான். (எடையைக் கிராமில் கூறுவது வழக்கம் பற்றியே, தேர்வில் அப்படி எழுதாதீர்கள்!) மீதி 9 கிராம் அப்படியே நிற்கிறது. பிளாஸ்டிக் உடலின் எடையோ அநேகமாக மறைந்துவிடுகிறது. நூலைத் தளர்த்தினால் தலை குப்புறக் கீழே போகும். இழுத்தால் மேலே எழும். அடிபட்ட சிறு மீனின் போக்கும் இதுதான்.

துடுப்புப் போன்ற வாலின் இருபுறமும் நீர்ச்சுழல்கள் மாறிமாறிக் கழல்வதால், காற்றில் கொடி படபடப்பதுபோல் வால் ஆடுகிறது. கொடுவாயின் உடலில் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு, கலங்கிய நீரிலும் இந்த அதிர்வை அறிந்துகொள்ளும்.

அவசரத்தில் நான் ஒருமுறை முள்ளை நடுக்கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலக்கிக் கோத்துவிட்டேன். காலை முழுதும் ஒரு மீனும் தொடவில்லை; தங்கூசும் சுருண்டு சிக்காயிற்று. அருகில் நின்ற கொளச்சல் நண்பர் பார்த்துவிட்டு, "சாரே, உங்க மீனுக்கு இடுப்பு ஒடிஞ்சிருக்குல்லா!" என்றார். வளைந்த உடல் கப்பலின் சுக்கானைப்போல் நீரை ஒருபக்கமாகத் தள்ளும். அதனால் உண்டாகும் திருப்புவிசை மீனைச் சுழற்றும். ஒவ்வொரு சுற்றும் நூலில் முறுக்காகச் சேரும்.

அவர் செய்த முறை எளிது. முள்ளைப் பொய் மீனின் பக்கத்தில் வைத்து, வளைவு முடியும் இடத்தை நகத்தால் குறித்தார். மூக்கின் மையத்தில் குத்தி, நடுக்கோட்டிலேயே செலுத்தி, குறித்த இடத்தில் முதுகுவழியே வெளியே எடுத்தார். முன்னதாக எடுத்தால் உடல் இழுபட்டு வளையும். பின்னே எடுத்தால் மடிந்து சுருங்கும். பாறையும் வேரும் நிறைந்த இடமானால், முள்ளின் நுனியை உடலுக்குள்ளேயே மறைத்துவைப்பதும் உண்டு.

கொடுவா இரையைக் கடித்துத் தின்பதைவிட உறிஞ்சுகிறது எனலாம். வாயைத் திடீரென அகலத் திறக்கும்போது உள்ளே அழுத்தம் குறைய, நீரோடு இரையும் உள்ளே பாய்கிறது. மென்மையான உடல் தாடையில் நசுங்கும். மறைந்திருந்த முள் வெளிப்படும்.

முள்ளில்லாமலே இதைச் சோதிக்கலாம். பழைய சைக்கிள் டியூபில் இரு துண்டுகளை வெட்டி, ஒன்றை நேராகவும் மற்றதைச் சிறு கம்பியால் வளைத்தும் நூலில் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியில் பலமுறை இழுத்தபின், அவற்றை வெளியே எடுத்துத் தொங்கவிடுங்கள். வளைந்த துண்டு எதிர்த்திசையில் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.