ஆஸ்பத்திரிக் கணக்கு – 7: நல்ல மாத்திரை

மணப்பாறையில் இருக்கும் என் அத்தை தன் மாத்திரைகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது, கண்ணாடியைத் தேடிச் சலித்துப்போய் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "ராத்திரி மாத்திரைய எடுத்துக் குடுப்பா." உள்ளே இரண்டு விதமான அட்டைகள். ஒன்றில் தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருந்தது. மற்றது பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் வாங்கியது. பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தேன். இரண்டுமே மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம்.

"அது தர்மாஸ்பத்திரி மாத்திரை. கைல காசு இல்லாதப்ப போட்டுக்குவேன். இதுதான் நல்ல மாத்திரை" என்று கடை அட்டையைத் தொட்டுக் காட்டினார் அத்தை.

சென்ற வாரம் அறை வாடகையைப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் அறை எடுத்துப் படுக்கும் நிலைமை எல்லோருக்கும் வருவதில்லை. மாத்திரை அப்படியல்ல. சுகரும் பிரஷரும் நுழைந்த வீட்டில் அது மளிகைச் சாமான் மாதிரி, மாதம் பிறந்தால் வாங்கியாக வேண்டும். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையைவிட்டுக் கொடுப்பது 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4 சதவீதமாக இறங்கிவிட்டது என்கிறது மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு. இறங்கியதில் சந்தோஷம். ஆனால் அப்படிக் கையைவிட்டுப் போகும் பணத்தில் பெரும்பங்கு இன்றும் மருந்துக்கடைக்குத்தான்.

கத்தரிக்காயைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிறோம். விலை படியாவிட்டால் அடுத்த கடைக்கு நடக்கிறோம். மருந்தில் அது நடக்காது. பெயரை எழுதுகிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் வேறொருவர். அதனால்தான் அரசு விலைக்கு உச்சவரம்பு வைக்கிறது. அதை எப்படி வைக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. 1995ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி 74 மூல மருந்துகளுக்குத் தயாரிப்புச் செலவைக் கணக்குப் போட்டு விலை வைத்தார்கள். 2013இல் வந்த புது ஆணை தயாரிப்புச் செலவைக் கைகழுவிவிட்டது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து என்றால், சந்தையில் ஒரு சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகளின் விலைகளைக் கூட்டி வகுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்தால் அதுதான் உச்சவரம்பு. விலை கூடிய பிராண்டுகளும் சேர்ந்த சராசரி எங்கே இறங்கப் போகிறது? பட்டியலில் இல்லாத மருந்துகளை வருடத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு மருந்து கலந்த சுகர் மாத்திரைகள் பலவும் இந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கின்றன.

இன்னொரு பக்கம், தெருவுக்குத் தெரு '20 சதவீதம் தள்ளுபடி' போர்டு. இவ்வளவு தள்ளினால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று தெரிந்த கடைக்காரர் ஒருவரைக் கேட்டேன். சிரித்தார். "சில சரக்குல எம்.ஆர்.பி.யே சும்மா சார். ரெப் வர மாட்டார், டாக்டர் எழுத மாட்டார். கம்பெனி நேரா எங்களுக்கே தள்ளிடுவான். எங்களுக்கு ஆறு ரூபா, அட்டையில முப்பது போட்டிருக்கும்."

இதே மருந்தை விவரம் தெரிந்த ஒருவர் மொத்தமாக வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முப்பது வருடப் பாடம் இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அது. எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரே டெண்டர். கம்பெனி இரண்டு உறை கொடுக்க வேண்டும். முதல் உறையில் தொழிற்சாலையின் தகுதி. அது தேறினால்தான் விலை உறையைப் பிரிப்பார்கள். சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகே மருந்து கிடங்கைவிட்டு நகரும். பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் வாங்கிய அட்டைக்கு இப்படிப் பேட்ச் பேட்ச்சாகச் சோதனை பார்ப்பவர் யார்?

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒன்று. இவ்வளவு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் வரவு வைப்பார்கள், மருந்து எடுக்க எடுக்கக் கழிப்பார்கள். காய்ச்சல் அதிகமுள்ள ஊர் காய்ச்சல் மருந்தை எடுக்கும், பாம்புக்கடி அதிகமுள்ள ஊர் விஷமுறிவு ஊசியை எடுக்கும். சென்னையிலிருந்து யாரும் பங்கு பிரித்து அனுப்புவதில்லை. கேரளம் இதைப் பார்த்துத் தன் கழகத்தை அமைத்தது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியதும் இதே வழியில்தான்.

குறை இல்லாமல் இல்லை. கையிருப்பு தீர்ந்துவிட்டால் கவுண்டரில் ஒரு துண்டுச்சீட்டில் மருந்தின் பெயரைக் கிறுக்கி, "வெளிய வாங்கிக்குங்க" என்று நீட்டுவார்கள். வரிசையில் நானும் நின்று வாங்கியிருக்கிறேன்.

ஆனாலும் அரசியல் மேடையில் பெயர் வாங்குவது காப்பீடுதான். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக, மத்திய திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆபரேஷன் என்று வந்து நிற்கும் குடும்பத்துக்கு அது தெய்வம், மறுக்க மாட்டேன். ஆனால் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் படுத்த பிறகுதான் கண் திறக்கிறது. படுக்காமல் இருக்க அத்தை தினமும் போடும் மாத்திரைக்கு அதில் பைசா கிடையாது. அரசிடம் அடுத்த ஒரு ரூபாய் இருந்தால் அதைப் பிரீமியத்தில் போடாமல் பாஸ்புக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

மறுபடி உச்சவரம்புக்கு வருவோம். ஒரு பொருளுக்கு மட்டும் விலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் உதாரணம். 2017 பிப்ரவரியில், சராசரியாக 1.21 லட்சம் ரூபாய் எம்.ஆர்.பி. போட்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய்தான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். நல்ல காரியம். அதற்குப் பிறகு சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது பில்லில் அந்த வரி ஒழுங்காகத்தான் இருந்தது. மற்ற வரிகள் மூன்று பக்கத்துக்கு ஓடின.

அத்தையிடம் பாஸ்புக்கையெல்லாம் சொல்லவில்லை. பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதை மட்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கடை அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"சரி, இது தீந்ததும் அத எடுக்குறேன். காசு குடுத்து வாங்குனது, வீணாப் போகக் கூடாதுல்ல?"

அரசு அட்டை டப்பாவின் அடிக்குப் போனது.

(தொடரும்)