கினபாலு மலைப் பூங்கா: காண்போம், காப்போம்

அண்மையில் சுவா வட்டாரத் தோட்டமொன்றில் நாம் நடத்திய படக்காட்சியின்போது, சபா மாநிலத்துக் கினபாலு மலை திரையில் தோன்றியது. பல்லாண்டுகள் பால்மரம் சீவி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் எழுந்து, "ஐயா, மலை ஏறத் தெம்பில்லாத எங்களுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று வினவினார். நல்ல வினா. அன்று நேரமின்மையால் சுருக்கமாகவே விடை கூறினோம். இங்கே சற்று விரிவாகக் கூறுவோம்.

மலையும் பூங்காவும்

கடல் மட்டத்திலிருந்து 4,095 மீட்டர் உயர்ந்து நிற்கும் கினபாலு, நம் நாட்டின் மிக உயர்ந்த மலையாகும். நம் மாநிலத்து அங்சி மலையைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு உயரமெனில், அதன் பெருமையை உணரலாம். மலையடிவாரத்தில் வாழும் கடசான்டூசுன் மக்கள், இறந்தோரின் ஆவிகள் உறையும் புனித இடமாக இதனைப் போற்றி வந்துள்ளனர்.

1964-ஆம் ஆண்டில் இம்மலையும் சுற்றியுள்ள காடுகளும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இன்று 754 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய இப்பூங்கா, சிங்கப்பூர் நாட்டைவிடச் சற்றுப் பெரியது. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றுக்கொண்டது.

அரிய உயிர்கள் ஏன் இங்கு வாழ்கின்றன?

நூறு மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் அரைப் பாகைக்குச் சற்று மேல் குறையும். ஆகவே இம்மலையின் அடிவாரத்தில் நாமறிந்த வெப்பக் காடும், அதற்கு மேல் குளிர்ந்த மலைக்காடும், மேலும் உயரத்தில் பாசி படர்ந்த குட்டை மரங்களும், உச்சியில் வெறும் கருங்கற்பாறையும் காணப்படுகின்றன. குளிருக்குப் பழகிய செடியும் பூச்சியும் கீழே இறங்கி, வெப்பமான சமவெளியைக் கடந்து வேறொரு மலைக்குச் செல்ல இயலாது. கடல் நடுவே தீவு இருப்பதுபோல, வெப்பத்தின் நடுவே இம்மலை தனித்து நிற்கிறது. அதனாலேயே வேறெங்கும் காணாத உயிர்கள் பல இங்கு உருவாயின.

இவற்றுள் வியப்புக்குரியது ராஜா குடுவைச் செடி. மலாய்க்காரர்கள் 'பெரியோக் கெரா', அதாவது குரங்குப் பானை என்றழைக்கும் செடி வகையை நம்மில் பலர் புதர்களில் கண்டிருப்போம். அவ்வினத்தில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான இது, கினபாலுவிலும் அதன் அண்டை மலையான தம்புயுக்கோனிலும் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. இதன் குடுவை நம் பால் மங்கைவிடப் பெரியது. இரண்டு லிட்டருக்கும் மேல் நீர் கொள்ளும்.

இச்செடி வளரும் மண்ணில் சத்து மிகக் குறைவு. நாம் மரத்திற்கு உரமிடுகிறோம். இதற்கு யார் உரமிடுவார்? குடுவையின் மூடியில் இனிப்பான நீர் சுரக்கிறது. அணிலைப் போன்ற தோற்றமும் கூரிய மூக்கும் உடைய மர மூஞ்சூறு, பகலில் குடுவையின் விளிம்பில் அமர்ந்து அதனை நக்குகிறது. அவ்வாறு நக்கும்போது அதன் எச்சம் நேரே குடுவைக்குள் விழுகிறது. அதுவே செடிக்கு உரம். மூடிக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம் அப்பிராணியின் உடல் நீளத்திற்கு ஒத்திருப்பதை 2010-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இரவில் மலை எலி ஒன்று வந்து இதே பணியைச் செய்கிறது. கொடுத்தலும் கொள்ளுதலுமாக வாழும் இவ்வுறவில் ஒன்றை அகற்றினால் மற்றொன்றும் நலியும்.

இழந்ததும் இழக்கக்கூடியதும்

கினபாலுவின் தங்கம் எனப்படும் ஒருவகை ஆர்க்கிட் மலர் 1880-களில் வெளியுலகுக்குத் தெரியவந்தது. வணிகர்கள் அது வளரும் இடத்தை மறைத்துப் பொய்யாக வேறு தீவின் பெயரைக் கூறினர். 1959-இல் அது கினபாலுவில் மீண்டும் கண்டறியப்பட்டதும், திருடர்கள் செடிகளை வேரோடு பெயர்த்துச் சென்றனர். இன்று இம்மலரும் ராஜா குடுவைச் செடியும் அனைத்துலக வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவை.

பூங்காவின் எல்லையும் என்றும் ஒன்றாயிருந்ததில்லை. மாமுட் செம்புச் சுரங்கத்திற்காக ஒரு பகுதி விலக்கப்பட்டது. அச்சுரங்கம் 1975 முதல் 1999 வரை இயங்கி மூடப்பட்டது. 1980-களில் பினோசுக் மேட்டுநிலமும் வேறு பயன்பாட்டிற்குச் சென்றது. ஒருமுறை துண்டான நிலம் பழையபடி கூடுவது அரிதென்பதை, தோட்டத் துண்டாடலைக் கண்ட நம் பெரியோர் நன்கறிவர்.

மற்றோர் ஆபத்து கண்ணுக்குப் புலப்படாதது. 1965-இல் இம்மலையின் அந்துப்பூச்சிகளை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தனர். 2007-இல் மீண்டும் அதே இடங்களில் ஆராய்ந்தபோது, அப்பூச்சிகள் சராசரி 67 மீட்டர் மேலேறிவிட்டிருந்தன. உலகம் வெப்பமடைவதால் அவை குளிரைத் தேடி உயரே செல்கின்றன. உச்சியை அடைந்த பின் அவற்றுக்குப் போக்கிடம் ஏது?

செல்வோர் கவனத்திற்கு

சிப்பாங்கிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு விமானத்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரமாகும். சபாவில் நுழைகையில் குடிநுழைவுச் சோதனை உண்டு. அடையாள அட்டையையும் பிள்ளைகளின் ஆவணங்களையும் மறவாது எடுத்துச் செல்லவேண்டும். அங்கிருந்து பூங்காத் தலைமையகத்திற்குச் சாலை வழியே சுமார் இரண்டு மணி நேரம்.

தலைமையகம் ஏறக்குறைய 1,560 மீட்டர் உயரத்தில் உள்ளது. முதியோரும் சிறுவரும் கம்பளிச் சட்டை அணிவது நலம். காலை வேளையில் மலை தெளிவாகத் தெரியும். பின்னர் மூடுபனி மறைத்துவிடும். அங்குள்ள தாவரத் தோட்டத்தில் மெல்ல நடந்தே குடுவைச் செடிகளையும் ஆர்க்கிட் மலர்களையும் காணலாம். அடிவாரத்துப் போரிங் வெந்நீரூற்றில் கால் நனைத்து இளைப்பாறலாம். அவ்வட்டாரத்தில் உலகின் பெருமலர்களுள் ஒன்றான ராஃப்லேசியா பூத்தால், கிராமத்தார் சிறு கட்டணம் பெற்றுக் காட்டுவர். மாதக்கணக்கில் மொட்டாயிருக்கும் அம்மலர், விரிந்தபின் ஒரு வாரமே நிற்கும்.

உச்சிக்கு ஏற விரும்பும் இளைஞர்கள் முன்கூட்டியே அனுமதி பெற்று, உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் மட்டுமே செல்லவேண்டும். 2015-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில், சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்களும் மலை வழிகாட்டிகளும் உட்பட 18 பேர் உயிரிழந்தனர். உள்ளூர் வழிகாட்டிகளே சிக்கியிருந்தோர் பலரைப் பாதுகாப்பாகக் கீழே கொணர்ந்தனர். அவர்தம் சொல்லை மீறுதல் கூடாது.

கத்தி ஆழப் பாய்ந்தால் மரத்தில் காயம் விழும். காயம்பட்ட பட்டையில் மீண்டும் சீராகச் சீவுவது கடினம். இதனை அறிந்தவர்கள் நாம். எடுப்பதிலும் ஓர் அளவு உண்டென்பதைத் தொழிலாலேயே கற்றவர்கள். ஆதலின் இப்பூங்காவில் ஓர் இலையையும் கிள்ளாது, ஒரு கல்லையும் எடுக்காது திரும்பும் பண்பு நமக்கு இயல்பாகவே வரும்.

வினா எழுப்பிய அம்மையாருக்கு நாம் கூறும் விடை இதுவே: மலை ஏறவேண்டுவதில்லை, அம்மா. பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அடிவாரம்வரை செல்லுங்கள். அங்கே ஒரு குடுவைச் செடியின் முன் நின்று, இந்த மங்கு எவ்வாறு நிறைகிறதென்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். உங்களைவிட நன்றாக அதனை விளக்க வல்லவர் யார்?