ஊற்றிக் கொடுத்தவர் யார்?

2024 மே 19 அதிகாலை. புனே கல்யாணி நகரில் 17 வயதுப் பையன் ஓட்டிவந்த போர்ஷே கார் ஒரு பைக்கில் மோதி, இளம் பொறியாளர்கள் இருவர் இறந்துபோனார்கள். விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தது சிறார் நீதி வாரியம். நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் பலர் கவனிக்காமல் விட்ட சங்கதி ஒன்று உண்டு. பையனின் தந்தை மீதும், அவனுக்கு மது பரிமாறிய பார்க்காரர்கள் மீதும் சிறார் நீதிச் சட்டத்தின் 75, 77 பிரிவுகளில் வழக்குப் பதிவானது. மகன் குடிப்பான் என்று தெரிந்தே பார்ட்டிக்கு அனுப்பினார், லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தே காரைக் கொடுத்தார் என்பது தந்தை மீதான குற்றச்சாட்டு.

77ஆம் பிரிவில் சுற்றிவளைப்பே இல்லை. 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மதுவைக் கொடுத்தாலும், கொடுக்க வைத்தாலும் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2000ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 3 ஆண்டுதான். டாக்டர் சொல்லிக் கொடுத்தால் மட்டுமே விலக்கு. இங்கிலாந்தில் ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வீட்டில் பெற்றோர் ஒரு வாய் கொடுப்பது குற்றமில்லை. இங்கே அப்பாவுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, மண்டபத்து மொட்டை மாடிக்கு வாருங்கள். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், பிரித்துப் போட்ட மிக்சர் பொட்டலம். பிளஸ் டூ படிக்கும் தங்கச்சி மகனிடம், "ஒரு கட்டிங் போடு மாப்ள, ஒண்ணும் ஆகாது" என்று நீட்டுகிற தாய்மாமன் 77இல் வருகிறார். இன்னொருத்தரை ஊற்றிக் கொடுக்கச் சொல்பவரும் வருகிறார். பாட்டில்களைத் தூக்கிவர அந்தப் பையனையே அனுப்பியிருந்தால் 78ஆம் பிரிவு. அதற்கும் 7 ஆண்டு வரை. (டாஸ்மாக்கில் 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது என்பது தனி விதி.)

சரி, சுற்றி உட்கார்ந்து சிரித்தவர்கள்? வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது 77இல் வராது. பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு, அதனால் பிள்ளையின் உடலோ மனமோ துன்பப்பட வாய்ப்பிருந்தால் 75ஆம் பிரிவு பாயலாம். 3 ஆண்டு வரை சிறை. ஆக, அங்கே இருந்த அப்பா மாட்டலாம், அப்பாவின் ஆபீஸ் நண்பர் மாட்டமாட்டார். எனக்கு இது சரியென்றே படுகிறது. மாடியில் இருந்தவர்களையெல்லாம் குற்றவாளி ஆக்கினால், மயங்கி விழுந்த பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஒருத்தரும் முன்வரமாட்டார்கள். சாட்சி சொல்லவும் ஆள் மிஞ்சாது.

எனக்கு உறுத்துவது 2021இல் வந்த திருத்தம். இந்தச் சட்டத்தில் 3 முதல் 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் தானாக விசாரணையில் இறங்க முடியாதபடி மாற்றிவிட்டார்கள். டெல்லி குழந்தைகள் உரிமை ஆணையம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. தண்டனையை ஏழாக உயர்த்திவிட்டு, பின்னால் வந்த திருத்தத்தில் கதவைத் தட்டும் வேலையைப் புகார் கொடுப்பவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

புனேயில் இரண்டு உயிர் போனதால் போலீஸ் ஓடிவந்தது. மாடியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால், பையனின் அம்மாதான் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்து, அங்கிருந்து மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் நடக்க வேண்டும். அதுவும் கூடப்பிறந்த அண்ணன் மேல்.